ஒரு மெஷின், மூன்று மோல்டு: சுற்று எத்தனை நாள்?

எங்கள் இன்ஜெக்‌ஷன் மெஷின் (உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்துவது) ஒன்றில் மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று பிளாஸ்டிக் கிரேட் (பெட்டி) மாறி மாறி ஓடும்; ஒவ்வொன்றுக்கும் தனி மோல்டு (அச்சு). மூன்றையும் ஒருமுறை ஓட்டி முடிப்பது ஒரு சுற்று. எது தீருதோ அதை ஏற்று என்று விட்டால் ஃபிட்டர் மெஷினை விட்டு நகரவே முடியாது. அதனால் கணக்குப் போட்டுத்தான் ஓட்டுகிறோம். (எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.)

முதலில் வரிசை. மஞ்சள் முடிந்து சிவப்பு ஏற்ற 1.5 மணி, சிவப்பிலிருந்து நீலத்துக்கு 1.5, நீலத்திலிருந்து மஞ்சளுக்கு 4. பேரலில் (பிளாஸ்டிக் உருகும் குழாயில்) கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்தாலும் மஞ்சள் கிரேட்டில் பச்சைக் கோடு விழும்; அது நிற்கும்வரை பர்ஜ் பண்ணியே (பழைய பிளாஸ்டிக்கைத் தள்ளி வெளியேற்றியே) ஆக வேண்டும். ஆக 7 மணி. எதிர்த்திசையில் சுற்றினால் 9. மூன்று பொருளுக்கு இந்த இரண்டு சுற்றுதான். நாலுக்கு 6, ஐந்துக்கு 24. அதுவரை எக்செல் போதும்.

அடுத்து நேரம். தினம் மஞ்சள் 600 வேண்டும், மணிக்கு 80 வரும்: 7.5 மணி. சிவப்பு 300, மணிக்கு 60: 5 மணி. நீலம் 200, மணிக்கு 50: 4 மணி. மொத்தம் 16.5. மெஷின் தினம் 20 மணி ஓடும் என்றால் மிச்சம் 3.5. மோல்டு மாற்றும் 7 மணியை இதால் வகுத்தால் 2 நாள். அதைவிடச் சின்னச் சுற்று ஓடாது, யார் கத்தினாலும்.

இனி பணம். ஒரு சுற்றுக்கு பர்ஜ், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 4,100. ஒரு கிரேட்டை ஒரு நாள் வைத்திருக்க வட்டி, கோடவுன் வாடகையோடு 30 காசு. இங்கேதான் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: மஞ்சள் அடிக்கும்போதே விற்றுக்கொண்டும் இருக்கும். முழுநாள் ஓடினால் 1,600 வரும், 600 போகும். எனவே 600ஐ (1 − 600/1600) ஆல் பெருக்கி 375 என எடுக்க வேண்டும். அப்படியே சிவப்புக்கு 225, நீலத்துக்கு 160, கூட்டினால் 760. 30 காசால் பெருக்கினால் 228.

2 × 4,100 ÷ 228 = 36. வர்க்கமூலம் 6: மோல்டு மாற்றும் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக வரும் சுற்று இத்தனை நாள். ஒரு தடவையில் எவ்வளவு தயாரித்தால் செலவு குறையும் என்று அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்ட் ஹாரிஸ் 1913இல் வெளியிட்ட சூத்திரத்தின் நீட்சிதான் இது.

சரி, 6 நாள் சுற்று: மஞ்சள் 3,600, சிவப்பு 1,800, நீலம் 1,200. ஓட்டம் 99 மணி, மாற்றம் 7, ஆக 120இல் 106. மீதி 14 மணியை நான் யாருக்கும் சொல்வதில்லை; கரண்ட் போனாலும் ஹீட்டர் எரிந்தாலும் அதில்தான் சமாளிப்பு. 5 அல்லது 7 நாள் வைத்தாலும் செலவு 2 சதவீதம்கூட ஏறாது. அதனால் தசமப்புள்ளிக்கு அலையாமல், உங்கள் வார விடுமுறைக்கு ஒத்துப்போகிற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.