மலையில் ட்ரோன் கேமரா சாயாமலும் பனிக்காமலும் இருக்க

கோத்தகிரியில் புதிதாக ட்ரோன் வாங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: படம் ஏன் ஒரு பக்கம் சாய்ந்தே வருகிறது? சரி, அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் வேலை வீட்டில். கேமராவைத் தாங்கும் கிம்பலின் மூடியைக் கழற்றிய பிறகுதான் ட்ரோனை ஆன் செய்ய வேண்டும். மூடியோடு ஆன் செய்தால் கேமராவைத் திருப்பும் குட்டி மோட்டார்கள் நகர முடியாமல் திணறும். ட்ரோனைச் சமமான மேசையில் வைத்து, ஆப்பில் கிம்பல் கேலிப்ரேஷன் (கேமராவின் சமநிலையை ட்ரோன் தானே சரிசெய்வது) கொடுத்துவிட்டு, முடியும்வரை மேசையைக்கூடத் தொடாதீர்கள். இதைத் தோட்டத்தில் வைத்துச் செய்யவே கூடாது. காலுக்குச் சமமாகத் தெரியும் இடம்கூட இங்கே சரிவுதான்.

அடுத்தது, பறக்கவிட்டுச் சரிபார்ப்பது. (வெலிங்டன் ராணுவப் பகுதி, முதுமலைக் காடு பக்கம் வேண்டாம். மற்ற இடங்களுக்கும், எங்கே ட்ரோன் விடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.) கடற்கரை என்றால் தொடுவானம் இருக்கிறது, நம் ஊரில் தேயிலை வரிசையை நம்பினால் கண் ஏமாந்துபோகும். நான் பார்ப்பது தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களை. திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு, கேமராவைக் கீழே குனியவிடாமல் நேராக வைத்து, படத்தின் நடுவில் வரும் நாலைந்து மரங்கள் கோட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரே மரத்தை நம்பாதீர்கள், மரமும் சாய்ந்து வளரும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் ஆப்பில் கிம்பல் ரோலை, அதாவது பக்கவாட்டுச் சாய்வை, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள்.

படம் ஜெல்லி மாதிரி ஆடினால் இறக்கை விளிம்பில் மெதுவாக விரலை ஓட்டிப் பாருங்கள், ட்ரோன் ஆஃபில் இருக்கும்போது. 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதே எடையைத் தூக்க இறக்கைகள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது, அதனால் சமவெளியில் தெரியாத சின்னப் பிசிறுகூட இங்கே அதிர்வாகப் படத்தில் ஏறிவிடும். கிம்பலின் ரப்பர் குமிழ்களில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான்.

அமைப்புகளில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வின் போல ஒரே எண்ணில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மேகம் வந்து போகும்போதெல்லாம் பச்சையின் நிறம் மாறும். வீடியோ நொடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் வேகம் 1/50 நொடி. வெயிலில் கேமரா 1/800 கேட்டால் லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் என்டி 16 கண்ணாடி போதும், அதையும் ஆன் செய்வதற்கு முன்பே மாட்டிவிடுங்கள்.

இனி ஈரம். இதில்தான் நான் அடிபட்டேன். ஒரு டிசம்பர் காலை, குளிரில் பறக்கவிட்டு வந்த கையோடு, டீ கொதிக்கும் சமையலறையில் பையைத் திறந்தேன். லென்ஸ் உடனே பனித்தது. துடைத்துப் பார்த்தால் பனிப்பு உள்பக்கம், போக இரண்டு நாள் ஆனது. இப்போது திரும்பியதும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிடுகிறேன். மூடுபனிக்குள் ட்ரோனை விடுவதும் இல்லை.

லென்ஸைத் துடைக்கும்முன் ரப்பர் பல்பால் தூசியை ஊதிவிடுங்கள், வாயால் வேண்டாம், எச்சில் தெறிக்கும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால், கிம்பலை அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே வட்டமாக. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரமானால் அரிசியில் புதைக்காதீர்கள், அரிசி மாவு கிம்பலின் இடுக்கில் ஏறிக்கொள்ளும்.