இரண்டாம் உலகப் போரின் முடிவைக் காலவரிசைப் படமாக வரைவது எப்படி?

இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள் எது என்று கேட்டால் 1945 மே 8 என்பார் சிலர், மே 9 என்பார் வேறு சிலர். ஆகஸ்ட் 15 என்றும் செப்டம்பர் 2 என்றும் சொல்வோர் உண்டு. இந்த நான்கு நாள்களுக்கும் காரணம் இருப்பதால், ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதைவிட எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து பார்ப்பது நல்லது.

பெரிய தாள் ஒன்றைப் படுக்கைவாட்டில் வைத்து, மேலே ஐரோப்பாவுக்கும் கீழே ஆசியா, பசிபிக் பகுதிகளுக்கும் ஒவ்வொரு பட்டை ஒதுக்குங்கள். இரண்டுக்கும் நடுவே, கப்பல்களுக்கும் எரிபொருளுக்குமாக மெல்லிய பட்டை ஒன்று இருக்கட்டும். இடது ஓரத்தில் 1943 ஜனவரியைக் குறியுங்கள். காசாபிளாங்கா மாநாட்டின்போது ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் நிபந்தனையற்ற சரணடைவையே ஏற்போம் என்று அறிவித்த மாதம் அது. பேரம் பேசிப் போரை நிறுத்தும் வழி அதன்பின் பெரிதும் அடைபட்டுவிட்டது என்பதால், கதையை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

மேல் பட்டையில் நார்மண்டித் தரையிறக்கத்தை (1944 ஜூன் 6) எழுதிவிட்டு நேரே பெர்லினுக்குத் தாவிவிடுவது பலரும் செய்யும் பிழை. அதே ஜூன் 22 அன்று பெலாரஸில் சோவியத் படைகள் தொடங்கிய ‘பக்ரத்தியோன்’ தாக்குதல், ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியையே சிதறடித்து, சில வாரங்களில் போர்முனையை வார்சாவின் அருகே கொண்டுசென்றது. மேற்கில் தரையிறங்கும்போது கிழக்கிலும் தாக்குவோம் என்று 1943 இறுதியில் டெஹ்ரான் மாநாட்டில் ஸ்டாலின் வாக்களித்திருந்தார். இவ்விரு நிகழ்வுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால்தான், ஜெர்மனி தன் படைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்ற இயலாமல் திணறியது கண்ணுக்குத் தெரியும்.

நடுப்பட்டையை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 1944 ஆகஸ்ட் 25 அன்று பாரிஸை மீட்ட நேச நாட்டுப் படைகள் இலையுதிர்காலத்தில் வேகம் இழந்ததற்குப் பெருங்காரணம் எரிபொருள் தட்டுப்பாடு. ஆண்ட்வெர்ப் துறைமுகம் செப்டம்பர் 4 அன்றே கைக்கு வந்தது. ஆனால் கடலிலிருந்து அதற்கு வரும் ஷெல்ட் ஆற்று முகத்துவாரம் ஜெர்மானியர் வசம் இருந்ததால், முதல் சரக்குக் கப்பல் அணி நவம்பர் 28 அன்றுதான் அங்கே வந்துசேர முடிந்தது. பசிபிக் பெருங்கடலிலோ, மூழ்கிய ஜப்பானிய வணிகக் கப்பல்களில் பாதிக்கும் மேற்பட்டவை அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு இரையானவை. எண்ணெய்க்குக் கடல்வழியையே நம்பியிருந்த ஜப்பான் இதனால் எந்த அளவுக்கு முடங்கியது என்பதைப் போர்க்களப் பட்டியல்கள் காட்டுவதில்லை.

1945க்கு வந்ததும் விஸ்துலா ஆற்றங்கரையில் தொடங்கிய சோவியத் தாக்குதல் (ஜனவரி 12), ரைன் நதியின் ரெமாகன் பாலத்தை அமெரிக்கப் படை கைப்பற்றியது (மார்ச் 7), சோவியத், அமெரிக்கப் படைகள் எல்ப் நதியருகே டோர்காவில் சந்தித்த நாள் (ஏப்ரல் 25) ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். கையெழுத்துகளுக்குத்தான் இடம் தாராளமாக வேண்டும். மே 7 அதிகாலையில் பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஜெர்மனியின் சரணடைவு ஆவணத்தில் ஜெர்மானியத் தளபதி யோடல் கையெழுத்திட்டார். சோவியத் தரப்பு கேட்டதற்கிணங்க, மே 8 நள்ளிரவை ஒட்டி பெர்லினின் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட்டில் மற்றொரு சரணடைவு ஆவணத்தில் ஜெர்மானியத் தளபதி கைடெல் கையெழுத்திட்டபோது மாஸ்கோவில் மே 9 பிறந்துவிட்டிருந்தது.

இப்போது மேல் பட்டையிலிருந்து கீழ்ப் பட்டைக்கு ஓர் அம்புக்குறி வரையுங்கள். ஜெர்மனி வீழ்ந்த இரண்டு மூன்று மாதங்களில் ஜப்பான்மீது போர் தொடுப்பதாக 1945 பிப்ரவரியில் யால்டாவில் ஸ்டாலின் ஒப்புக்கொண்டார். மே 8இலிருந்து சரியாக மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, அந்தப் போர் அறிவிப்பு வந்தது.

கீழ்ப் பட்டையில் இம்பாலும் கொஹிமாவும் (1944) விடுபடக் கூடாது. பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் தலைமையில் பிரிட்டனின் 14ஆம் படை அங்கே ஜப்பானியரை முறியடித்துப் பர்மாவுக்குள் நுழைந்தது. அதில் பெரும்பாலோர் இந்திய வீரர்கள். 1945 மே 3 அன்று ரங்கூன் மீட்கப்பட்டது. ஜூன் மாதம் ஜப்பானின் ஒக்கினாவா தீவு வீழ்ந்தது; ஜூலை 26 அன்று, ஜப்பான் சரணடைய வேண்டும் என்று கோரும் போட்ஸ்டாம் அறிவிப்பு வெளியானது. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. ஆகஸ்ட் 9 என்ற கட்டத்தில் நாகசாகி மீதான குண்டையும் மஞ்சூரியாவுக்குள் சோவியத் படைகள் புகுந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சரணடைவுக்கு எது முதன்மைக் காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை; ஒன்றை மட்டும் எழுதினால் உங்கள் படம் தீர்ப்பு வழங்கிவிடும். ஆகஸ்ட் 15 சரணடைவைத் தெரிவித்த ஜப்பானியப் பேரரசரின் வானொலி உரை. செப்டம்பர் 2 டோக்கியோ விரிகுடாவில் ‘மிசூரி’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஜப்பானின் சரணடைவுக் கையெழுத்து. செப்டம்பர் 12 சிங்கப்பூரில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில் தென்கிழக்காசியாவிலிருந்த ஜப்பானியப் படைகளின் சரணடைவு.

வலது ஓரத்தில் சிறிது இடம் விட்டு, ஜப்பானுடன் 1951இல் கையெழுத்தான சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையைச் சேருங்கள். சோவியத் யூனியன் அதில் கையெழுத்திடவில்லை. 1956இல் வந்த கூட்டு அறிக்கை சோவியத் யூனியனுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான போர்நிலையை மட்டுமே முடித்தது, அமைதி உடன்படிக்கை பின்னரும் உருவாகவில்லை. எனவே சோவியத்-ஜப்பான் உறவைக் காட்டும் அந்த ஒரு கோட்டைத் தாளின் விளிம்புவரை இழுத்து, முடிவுப் புள்ளி வைக்காமல் விட்டுவிடுங்கள்.