மனச்சோர்வுக் குளிசை: முதல் ஆறு கிழமை

குளிசை தொடங்கி நாலாம் நாளே திருகோணமலை டச் பே கடற்கரை மணலில் குந்தியிருந்து "ஒன்றும் மாறவில்லையே" என்று கணக்குப் பார்க்காதீர்கள். புளுவொக்சற்றின், சேர்ட்ரலின் போன்ற குளிசைகள் ஆரம்பத்தில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனைக் கொஞ்சம் கூட்டவும் கூடும், படபடப்பும் வரலாம். பிறகு கிழமைக்கணக்கில், கோர்ட்டிசோல் போதும் என்று மூளைக்கு உணர்த்தும் ஏற்பிகள் (அந்த ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் கலப்பகுதிகள்) மெல்ல மெல்லத் தேறுகின்றன, எல்லாருக்கும் ஒரே வேகத்தில் இல்லை.

நான் காலைத் தேத்தண்ணியோடு போடுவேன், நேரம் மாற்றுவதில்லை. நித்திரை, பசி, படபடப்பு மூன்றையும் கலண்டரில் ஒவ்வொரு சொல்லாகக் குறித்து கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். முட்டுக்குப் பிரட்னிசொலோன் போடுகிறவர் அதையும் சொல்லுங்கள், அது கோர்ட்டிசோலின் உறவுக்காரன். சுகம் வந்ததும் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்று வரலாம், டொக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சாகவேண்டும் போலிருந்தால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திராமல் அன்றே ஆசுபத்திரிக்குப் போங்கள், அல்லது இலங்கையின் மனநல உதவி இலக்கமான 1926-க்கு எடுங்கள்.