பயந்து பயந்து ஓடுபவருக்கு எந்த ஸ்கூட்டி?

அக்காவுக்கு ஸ்கூட்டி தேடித் திரிந்தபோது விற்பவர்கள் முதலில் சொன்னது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதைத்தான். சைக்கிளைக்கூட ஒழுங்கை தாண்டி ஓடாத ஒருவருக்கு அது கடைசியாகப் பார்க்கவேண்டிய கணக்கு. நாங்கள் பார்த்த ஒழுங்கு இது.

முதலில் ஓடப்போகிறவரை வண்டியில் இருத்திப் பாருங்கள். ஹொண்டா டியோ, டிவிஎஸ் ஸ்கூட்டி பெப் இரண்டுக்கும் இருக்கை உயரம் 765 மில்லிமீற்றரை ஒட்டித்தான் வரும். வித்தியாசம் சீற்றின் அகலத்தில் இருக்கிறது. சீற் அகன்றால் தொடை விரிந்து கால் எட்டாது. வேலைக்குச் சாறியோடு போகிறவர் சாறியோடும் வழக்கமான செருப்போடும் இருந்து பார்க்கட்டும். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படவேண்டும். நுனிவிரல்தான் படுகிறது என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

அடுத்து நிறை. எஞ்சினை நிறுத்திவிட்டு அவரே உருட்டி, பின்னுக்கு இழுத்து, சென்ரர் ஸ்ராண்டில் ஏற்றட்டும். நீங்கள் கைகொடுக்க வேண்டாம்.

இனி, நாங்கள் அதிகம் மினக்கெட்ட இடம். ஸ்கூட்டியில் கிளட்ச் பிடி இல்லை. எஞ்சின் வேகம் கூடும்போது உள்ளே இருக்கிற கிளட்ச் தானாகவே பிடித்துச் சில்லைச் சுற்றும். ஐடிலை, அதாவது அக்சிலறேற்றரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, கூட்டி வைத்திருந்தால் வண்டி தானாகவே நகரும். பயந்தவர் உடனே பிடியை இறுக்குவார், அதோடு அக்சிலறேற்றரும் முறுகிவிடும். எங்கள் வளவில் அக்கா மதிலில் முட்டப்போனது இப்படித்தான்.

ஆகவே எஞ்சின் சூடானபிறகு சென்ரர் ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் பரவாயில்லை, பிறேக்கை இலேசாகத் தொட்டதும் நிற்கவேண்டும். விடாமல் சுற்றப் பார்த்தால் கராஜில் ஐடிலைக் குறைக்கச் சொல்லுங்கள், சின்ன வேலை. பிறகு இறக்கி மெல்ல முறுக்குங்கள். வழுக்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. திடுக்கென்று பாய்ந்தால் கிளட்சைக் கழற்றிப் பார்க்கவேண்டும். இலங்கையில் 2020இல் இறக்குமதியை நிறுத்தியபிறகு, 2025இல் திரும்பத் திறக்கும்வரை, கைமாறி வந்த பழைய வண்டிகள்தான் சந்தையில் அதிகம் இருந்தன, அதனால் பழையதை வாங்குவதென்றால் இந்தப் பரிசோதனையை விடாதீர்கள்.

என் தெரிவு பெப். நிறை 100 கிலோவுக்குக் குறைவு, எஞ்சின் 87.8 சிசி. டியோவை நம்பிக்கை வந்தபிறகு வாங்கலாம், தொடக்கத்துக்கு அந்த இழுவை தேவையில்லை. பாரமான 125 சிசி பக்கம் போகவே வேண்டாம்.

பழகுவதற்கு யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானப் பக்கம் காலமை வெள்ளனப் போங்கள். முதலில் பிறேக் மட்டும்: கொஞ்சம் உருட்டு, அக்சிலறேற்றரை முழுதாக விடு, நிறுத்து. இது கைக்கு வந்தபிறகுதான் வளைவு. ஒழுங்கை முகப்பில் மணல் கிடக்கும், அங்கே முன்பிறேக்கைத் தனியாகப் பிடிக்கவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: லைசென்ஸ் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். டியோ 109 சிசி, அதற்கு ஏ வேண்டும். எடுக்கும்போதே ஏ எடுத்துவிட்டால் பிறகு வண்டி மாற்றும்போது அலையத் தேவையில்லை.

வேலணையில் இருந்து ஒரு தங்கச்சி பண்ணைப் பாலத்தால் பெப்பில் வரலாமா என்று கேட்டிருந்தார். வரலாம். ஆனால் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் காற்று இலேசான வண்டியைத் தள்ளும். வேகத்தை 30க்குள் வைத்து, இடப்பக்க ஓரத்தை ஒட்டாமல் கொஞ்சம் உள்ளே வாருங்கள். பின்னால் பஸ் வந்தால் ஓரங்கட்டி நிறுத்தி அதைப் போகவிடுங்கள்.