குடிக்கும் கணவர் அடிக்கும்போது எதை முதலில் கவனிப்பது

"மனுஷன் நல்லவர்தான், குடித்தால்தான் இப்படி" என்று உறவினர்கள் சொல்லும் சமாதானத்தை முதலில் ஒதுக்கிவையுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி போதையேறும் கணவர்களின் மனைவியரில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்துள்ளனர். குடிக்காதவர்களின் மனைவியரிலும் 23 சதவீதத்தினருக்கு அது நேர்ந்துள்ளது. குடி வன்முறையைப் பெருக்குகிறது, ஆனால் குடி இல்லாத வீட்டிலும் அடி உண்டு. ஆகவே குடி நிற்கட்டும் என்று காத்திருப்பது ஆபத்தானது.

அவர் யாரிடம் கைநீட்டுகிறார் என்று கவனியுங்கள். வழியில் காவலரிடம் பணிவாகப் பேசிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் அடிப்பவரும், தெளிந்திருக்கும் நாட்களிலும் செலவுக்குப் பணம் தராமல், செல்பேசியைச் சோதித்து, தாய்வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பவரும் போதையால் மட்டும் நிதானமிழந்தவர்கள் அல்லர்.

போதையில் இருப்பவரிடம் கணக்குக் கேட்க வேண்டாம். சமையலறையை விட்டு வாசல் பக்கம் வந்துவிடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை நம்பகமான ஒருவர் வீட்டில் வையுங்கள். உடனடி ஆபத்துக்கு 112, ஆலோசனைக்கும் தங்குமிடத்துக்கும் 181. காயத்துக்கு மருத்துவமனை சென்றால் வழுக்கி விழுந்ததாகச் சொல்லாதீர்கள். உண்மைக் காரணம் பதிவானால் பின்னர் சான்றாக உதவும்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம். விவாகரத்துக் கோராமலே, அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையையும், பணத்தைப் பறிப்பதற்கு எதிரான ஆணையையும் பெற முடியும். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

சிகிச்சையில் பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: குடியை மறக்கடிக்கும் மருந்து என்று விற்கப்படுவதைச் சோற்றில் ரகசியமாகக் கலப்பது. டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும்; எனவே மருத்துவமனை மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். அந்நாட்களில் எரிச்சலும் கூடும் என்பதால், "சிகிச்சைக்கு வருகிறேன், மனுவை வாபஸ் வாங்கு" என்ற நிபந்தனைக்கு இணங்காதீர்கள். தம்பதியராக ஆலோசனைக்கு அழைத்தால், முதலில் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்; அவர் முன்னிலையில் சொன்ன சொல்லுக்கு வீட்டில் அடி விழலாம்.