குவளையின்மேல் படத்தைப் பொருத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைப் பீங்கான் குவளையின் புகைப்படத்தில் ஒரு சின்னத்தையோ குடும்பப் படத்தையோ வைத்து, போட்டோஷாப்பின் வார்ப் கருவியால் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் சற்றே வளைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அது குவளையில் அச்சிட்டதாகத் தெரியாமல், குவளைக்கு முன்னே மிதக்கும் காகிதமாகவே தெரிகிறது. ஓரங்களை வளைத்தவர் படத்தைப் பக்கவாட்டில் ஒடுக்க மறந்ததுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

உருளையை நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது, நடுக்கோட்டின் இருபுறமும் 30 பாகை வரையுள்ள பரப்பு, நமக்குத் தெரியும் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், புகைப்படத்தில் அது குவளையின் பாதி அகலத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டு விளிம்புகளையும் ஒட்டிய கடைசி 30 பாகைகளைச் சேர்த்தால் அதுவும் அதே மூன்றில் ஒரு பங்குதான்; அதற்குக் கிடைப்பதோ அகலத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆகவே எழுத்துகள் விளிம்பை நெருங்க நெருங்க ஒடுங்கியாக வேண்டும். வார்ப் கட்டத்தின் செங்குத்துக் கோடுகளை இந்த விகிதத்தில் விளிம்புப் பக்கம் நெருக்கி வைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். 8 செ.மீ. விட்டமுள்ள குவளையின் சுற்றளவு சுமார் 25 செ.மீ.; ஒரு பக்கத்திலிருந்து அதில் பாதிகூட முழுதாகத் தெரியாது. 20 செ.மீ. அகலமுள்ள திருமண வடிவமைப்பை முன்பக்கத்திலேயே முழுதாகக் காட்டினால், மணமகன் பெயர் மட்டும் தெரிகிறதே, மணமகள் பெயர் எங்கே என்று வாடிக்கையாளர் பிறகு கேட்கத்தான் செய்வார்.

வார்ப் பட்டியலில் ஆர்க், ஆர்ச் என்று ஒத்த பெயர்களில் இரண்டு வடிவங்கள் உள்ளன. ஆர்க் படத்தின் பக்கங்களையும் விசிறிபோல விரித்துவிடும். நேரான குவளைக்குப் பக்கங்கள் செங்குத்தாகவே நிற்க வேண்டும் என்பதால் ஆர்ச்தான் பொருந்தும். மேலே அகன்று கீழே குறுகும் காகிதக் கோப்பைக்கு மட்டும் விசிறி வடிவம் பொருத்தமானது. வளைவின் அளவையும் ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. கேமரா குவளையின் வாயைவிட உயரத்தில் இருந்திருந்தால், கண்மட்டத்திலிருந்து கீழே போகப்போக வளைவு கூடும் என்பதால், படத்தின் அடி ஓரம் மேல் ஓரத்தைவிடச் சற்று அதிகமாக வளைந்திருக்க வேண்டும். வாய் விளிம்பும் அடிவிளிம்பும் புகைப்படத்திலேயே இருக்கின்றன; அவற்றைப் பார்த்து இடையிலுள்ள வளைவைக் கணிக்கலாம்.

பந்து, பலூன், மண்பானையின் வயிறு ஆகியவை வேறு வகை. தட்டையான தாளை உருளையாகவும் கூம்பாகவும் சுருட்டலாம். ஆனால் கசங்காமலோ நீளாமலோ கோளத்தின்மேல் படிய வைக்க முடியாது என்பது 1827இல் கணிதவியலாளர் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு. எனவே இத்தகைய பரப்புகளில் அகலமான படத்தைத் திணிப்பதைவிடச் சிறிய சின்னத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வடிவம் சரியான பின்பும் ஒளி காட்டிக்கொடுத்துவிடும். படத்தைக் கீழுள்ள லேயரோடு (அடுக்கோடு) இருட்டாக்கிக் கலக்கும் மல்டிப்ளை முறையில் வைத்தால் குவளையின் நிழல் படத்தின்மேல் விழும் என்பது உண்மைதான். ஆனால் கறுப்பு எழுத்தின்மேல் விழ வேண்டிய பளபளப்பு அதில் மறைந்துபோகும், ஏனெனில் அம்முறையில் கறுப்பு எதனோடு சேர்ந்தாலும் கறுப்புதான். குவளையின் ஒளிப்பட்டைகளைத் தனி லேயராகப் பிரித்து, வெளிச்சமாக்கிக் கலக்கும் ஸ்கிரீன் முறையில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். கருநிறப் பாட்டிலில் மல்டிப்ளை அறவே உதவாது. லேபிளே காணாமல் போய்விடும். வளைப்பதற்கு முன்பே படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, அதாவது மூலப் படத்தை அப்படியே காத்துவைக்கும் லேயராக மாற்றிக்கொண்டால், எத்தனை முறை திருத்தினாலும் தெளிவு குறையாது.

துணி மடிப்புகளுக்கு வார்ப் போதாது. இன்னொரு படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பப் புள்ளிகளை நகர்த்தும் டிஸ்பிளேஸ் ஃபில்டர் வேண்டும். அதற்கு வழிகாட்டியாகத் துணியின் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதில் 128 என்ற நடுச் சாம்பல் அளவு உள்ள இடம் நகராது. அதைவிட இருண்ட இடம் ஒரு திசையிலும் வெளுத்த இடம் எதிர்த்திசையிலும் நகரும். காசியன் பிளரால் சற்று மங்கலாக்காவிட்டால் நூலிழைகள்கூட மேடு பள்ளமாகக் கொள்ளப்பட்டு எழுத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும். இந்த ஃபில்டர் பார்ப்பது வெளிச்சத்தை மட்டுமே, ஆழத்தை அன்று. ஆகவே கட்டம் போட்ட சட்டையில் ஒவ்வொரு கட்டத்தையும் அது மடிப்பென்றே எடுத்துக்கொள்ளும்.