உள்ளூர்க் கடையில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய நிறுவனங்களின் கிளைகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, நம் ஊர்க்காரர் நடத்தும் கடைகளில் வாங்க வேண்டும் என்ற எண்ணம் வேலூரில் பலருக்கும் இருக்கிறது. வரவேற்க வேண்டிய எண்ணம். ஆனால் அப்படி முடிவெடுத்தவர்களில் நிறையப் பேர் மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பழகிய பழக்கத்தை அப்படியே லாங்கு பஜாருக்குள் கொண்டுபோவதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் யாரிடமும் பேசாமல் பொருளை எடுத்துப் பணம் கட்டிவிட்டு வரலாம். மளிகைக் கடையில் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவருக்குக் கைக்கு எட்டியது கட்டித் தரப்படும்.

அரிசியில் இது உடனே தெரிந்துவிடும். ஆரணி, களம்பூர் ஆலைகளின் அரிசி நமக்கு மிக அருகிலேயே கிடைக்கிறது. அப்படியிருந்தும் “பொன்னி ஒரு மூட்டை” என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறோம். பழைய அரிசியா, புது அரிசியா என்று கேட்க வேண்டும். பழையது கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும், சோறு உதிரியாக வரும், அளவும் கூடும். புதியது குழையும், பொங்கலுக்கு நன்றாக இருக்கும், எலுமிச்சை சாதத்துக்கு ஆகாது. ஒரு கிலோ வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு மூட்டை எடுக்கிறேன் என்று சொன்னால் நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். இந்த வசதியை விட்டுவிட்டு விலையை மட்டும் பேசுவது வீண்.

விலையை ஒப்பிடுவதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசி மூட்டை 25 கிலோவுக்குள் இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி என்றானது. அதன்பிறகு அந்த வரியைத் தவிர்க்க 26 கிலோ மூட்டைகள் பெருகின. ஓரிடத்தில் 25, இன்னோரிடத்தில் 26 என்று இருக்கும்போது மூட்டை விலையை வைத்து எது மலிவு என்று சொல்ல முடியாது. கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற சலுகைக்கும் இதே கணக்குதான். தேவைப்படாத மூன்றாவது பாக்கெட்டை லாபத்தில் சேர்க்கக் கூடாது. நூறு கிராம் சீரகம் போதுமென்றால் சிறு கடையில் நூறு கிராமே வாங்கலாம்.

கண்ணுக்கு அழகாக இருப்பதைத் தேடுவது அடுத்த தவறு. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்த நிறம் பல நேரங்களில் ஹைட்ரோஸ் என்று சொல்லப்படும் வெளுப்பு ரசாயனத்தால் வருவது. கருத்த வெல்லம் இருக்கிறதா என்று கேளுங்கள். நாம் எல்லோரும் மஞ்சள் வெல்லத்தையே கேட்டால் கடைக்காரர்களும் அதையேதான் வரவழைப்பார்கள்.

கத்தரிக்காயிலும் அப்படித்தான். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் இருப்பதைப் பார்த்து ஒதுக்கிவிட்டு, வழவழப்பான காயைப் பொறுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த முள்தான் அதன் அடையாளம். வாங்கிக் குழம்பு வைத்துப் பாருங்கள்.

எங்கே பேரம் பேசுவது என்பதிலும் நமக்கு நிதானம் வேண்டும். உழவர் சந்தையில் அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். அங்கே பேசுவதற்கு ஒன்றும் இல்லை. கூடையில் நான்கு கட்டுக் கீரை வைத்திருக்கும் அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதும் நியாயமில்லை. பாத்திரக் கடையிலும் துணிக்கடையிலும் தாராளமாகப் பேசலாம், மொத்தமாக வாங்கும்போது கேட்டே ஆக வேண்டும்.

உள்ளூர்க் கடை என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. மின்னணுத் தராசில் பொருளை வைக்கும் முன் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். அந்தத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை வைக்கப்பட வேண்டும். இனிப்பு வாங்கும்போது பெட்டியின் எடை சேரக் கூடாது. ஆற்காடு மக்கன் பேடா பாகில் ஊறுவது. பாகை வடித்து எடை போடச் சொல்வதில் தவறில்லை. தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது சட்டத்துக்கு மாறானது. அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடங்கிவிடுகின்றன.

பில்லை விட்டுக்கொடுப்பதுதான் பணத்தில் அதிகம் அடிக்கும் தவறு. “பில் வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்ளலாம்” என்ற பேச்சுக்கு மிக்சி, கைப்பேசி, செருப்பு எதிலும் இணங்க வேண்டாம். ஆறாவது மாதம் மிக்சி நின்றுபோனால், பில்லும் இல்லாமல் உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் இல்லாமல் உத்தரவாதம் கேட்பது கடினம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அதனால் இங்கே விற்கும் காலணியெல்லாம் தோல் என்று ஆகிவிடாது. ‘ஏற்றுமதியில் மிஞ்சியது’ என்றால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: தோலில் நார் தெரியும், செயற்கைப் பொருளில் துணி மேல் பூச்சு அடுக்கடுக்காகத் தெரியும். தோல் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நகை வாங்கினால் ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து, இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள்.

இவை எல்லாவற்றையும் விடக் கடைக்காரரை அதிகம் வாட்டுவது வேறு. மாதத் தொடக்கத்தில் சம்பளப் பணத்தைப் பெரிய கடையில் செலவழித்துவிட்டு, இருபதாம் தேதிக்கு மேல் தெருமுனைக் கடையில் கணக்கு நோட்டில் எழுதச் சொல்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் பாக்கெட்டுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டும் அந்தக் கடை வேண்டும். லாபம் குறைந்த சில்லறைச் சாமான்களையும் கடனையும் அவர் தலையில் கட்டிவிட்டு, பருப்பும் எண்ணெயும் வேறிடத்தில் வாங்கினால் அவர் எப்படிக் கடையை நடத்துவார்? சரக்கு எடுக்க அவருக்கு ரொக்கம் வேண்டும். மாதச் சாமான் பட்டியலில் பாதியையாவது அங்கே கொடுங்கள், கடன் வைத்தால் சொன்ன தேதிக்குத் தீர்த்துவிடுங்கள். இல்லாத பொருளை “பாய், அடுத்த முறை வரவழைத்து வையுங்கள்” என்று கேட்டுவிட்டு, வரவழைத்த பிறகு வாங்காமல் இருக்காதீர்கள்.

நேரம் பார்த்துப் போவதும் முக்கியம். மாதத் தொடக்கத்து மாலை நேரத்தில் மெயின் பஜாரில் நின்று எதையும் விசாரிக்க முடியாது. பகல் மூன்று மணிக்குப் போனால் கடைக்காரரே எடுத்துக் காட்டிப் பேசுவார். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்காகப் பல கடைகள் சற்று நேரம் மூடியிருக்கும். பையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

பொருள் பழுதாக இருந்தால் மறுநாளே பில்லோடு போய் முதலாளியிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலவரையறை இல்லையென்றால் 30 நாள் அவகாசம் உண்டு. பில் தர மறுப்பதும் அதே வகையில் சேரும். பேசியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.